ரொறன்ரோவில் கொண்டோ வாங்கலாமா: முடிவெடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கொண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்குபவர் ஒரே கையெழுத்தில் இரண்டு பொருள்களை வாங்குகிறார். முதலாவது, அவர் நேரில் போய்ப் பார்த்து, அறைகளை அளந்து, இது நமக்குச் சரிவரும் என்று நினைத்த அந்த வீடு. இரண்டாவது, அந்தக் கட்டடத்தின் கூரை, மின்தூக்கிகள், நிலத்தடி வாகனத் தரிப்பிடம், சுவருக்குள் ஓடும் குழாய்கள், வங்கிக் கணக்கு, நிலுவைக் கடன், நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகிய அனைத்திலும் ஒரு பங்கு. ஒன்ராறியோ மாகாணத்தின் 1998ஆம் ஆண்டுக் கொண்டோமினியம் சட்டத்தின்படி, ஒரு கட்டடத்தின் உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்து ஒரு கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர்களாகிறார்கள். பொதுச் செலவு எவ்வளவு வந்தாலும் அதில் தம் பங்கைச் செலுத்தும் கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு. முதற் பொருளைப் பற்றி விற்பவரும் முகவரும் விரிவாகப் பேசுவார்கள். இரண்டாவதைப் பற்றி வாங்குபவர்தான் கேட்டு அறிய வேண்டும். அதைக் கேட்காமலே பெருந்தொகையைக் கொடுப்பவர்கள் நம்மவர்களிடையே இன்னும் பலர் இருப்பதாலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இதில் சொல்லப்படுவது பெரும்பாலும் தாமே குடியிருக்க வாங்குவோருக்கானது. வாடகைக்கு விடும் எண்ணத்துடன் வாங்குவோருக்குரிய சில செய்திகள் இடையே வரும்.

எத்தனை ஆண்டு இருப்பீர்கள்?

விலை, இடம், மாடி என்று தொடங்குவதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி இதுதான். ஏனெனில் வாங்குவதற்கும் விற்பதற்கும் ஆகும் செலவு மிகப் பெரியது. அதை எத்தனை ஆண்டுகளுக்குப் பங்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தே வாங்குவது தகுமா என்பது அமையும்.

6,00,000 டொலர் பெறுமதியான ஒரு கொண்டோவை எடுத்துக்கொள்வோம். மாகாணத்தின் காணி உரிமை மாற்ற வரி முதல் 55,000 டொலருக்கு 0.5 சதவீதம், அதிலிருந்து 2,50,000 வரை 1 சதவீதம், 4,00,000 வரை 1.5 சதவீதம், அதற்கு மேல் 2 சதவீதம் என்று ஏறுகிறது. கூட்டினால் 8,475 டொலர். வீடு ரொறன்ரோ நகர எல்லைக்குள் இருந்தால் நகரசபையும் அதே அளவு வரியை மறுபடி அறவிடுகிறது. ஆக மொத்தம் 16,950 டொலர். ஸ்காபரோ ரொறன்ரோ நகரத்தைச் சேர்ந்தது. ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தால் வருவது மார்க்கம், அங்கே நகரசபையின் இரண்டாவது வரி இல்லை. ஒரே வீதியின் இரு புறமும் உள்ள இரண்டு கட்டடங்களை ஒப்பிடுபவர் இந்த 8,475 டொலர் வேறுபாட்டை விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முதன்முறையாக வீடு வாங்குபவருக்கு மாகாண வரியில் 4,000 டொலர் வரையும், ரொறன்ரோ நகர வரியில் 4,475 டொலர் வரையும் கழிவு உண்டு. கணவன் மனைவியரில் ஒருவருக்கு ஏற்கெனவே உலகில் எங்காவது வீடு இருந்திருந்தால் இந்தக் கழிவு குறையலாம் அல்லது கிடைக்காமலே போகலாம். ஊரில் தம் பெயரில் வீடுள்ள பலர் நம்மிடையே இருப்பதால், இதைச் சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விற்கும்போது முகவர்களின் தரகுப் பணம் 5 சதவீதம் என்று வைத்தால், அதன் மீதான 13 சதவீத எச்.எஸ்.ரி. விற்பனை வரியையும் சேர்த்து 33,900 டொலர். வாங்கும்போது கொடுத்த வரியையும் கூட்டினால் 50,850 டொலர். சட்டத்தரணியின் கட்டணம் இதற்குப் புறம்பானது. இந்தத் தொகை வீட்டில் சேராது. யாரிடமிருந்தும் திரும்பவும் கிடைக்காது. மூன்று ஆண்டுகளில் வேலை மாறலாம், திருமணம் ஆகலாம், பிள்ளை பிறந்து இடம் போதாமல் போகலாம் என்ற நிலையில் இருக்கும் ஒருவர், ஆண்டுக்குப் பதினேழாயிரம் டொலர் அளவில் இந்த வகையிலேயே இழப்பார். என் கணிப்பில், ஐந்து ஆண்டுகளாவது அந்த வீட்டில் இருக்க முடியும் என்று உறுதியாகச் சொல்ல இயலாதவர் இப்போது வாங்காமல் இருப்பதே சரி. ஏழெட்டு ஆண்டுகள் என்றால் தயங்காமல் அடுத்த கணக்குக்குப் போகலாம்.

திரும்பி வராத பணம்

"வாடகை கொடுப்பது வீண், அதையே கடன் தவணையாகக் கட்டினால் வீடு நமதாகும்" என்று உறவினர் கூடும் இடங்களில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். இது பாதி உண்மை மட்டுமே. மாதத் தவணையில் ஒரு பகுதிதான் முதலைக் குறைக்கிறது, மறுபகுதி வட்டி. ஆகவே வாடகையோடு ஒப்பிட வேண்டியது தவணைப் பணத்தை அன்று, வாங்கிய பின் மாதந்தோறும் திரும்பி வராமல் போகும் பணத்தை.

அதே 6,00,000 டொலர் வீட்டுக்கு 20 சதவீத முற்பணமாக 1,20,000 டொலர் கொடுத்து, மீதி 4,80,000 டொலரை 25 ஆண்டுக் கடனாக எடுக்கிறோம் என்று கொள்வோம். வட்டி 4.5 சதவீதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 2,657 டொலர். அதில் முதல் மாத வட்டி மட்டும் 1,783 டொலர். வீடு 600 சதுர அடி, பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 80 சதம் என்றால் மாதம் 480 டொலர். சொத்து வரிக்கு 200, வீட்டுக்குள்ளான காப்புறுதிக்கு 40 என்று வைப்போம். முற்பணத்தை வேறெங்காவது 3 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் மாதம் 300 டொலர் வந்திருக்கும், அதுவும் இழப்பே. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,800 டொலர். இதே கட்டடத்தில் இதே அளவு வீடு 2,300 டொலருக்கு வாடகைக்குக் கிடைக்கிறது என்றால், வாங்குபவர் மாதம் 500 டொலரும் ஆண்டுக்கு 6,000 டொலரும் கூடுதலாகச் செலவழிக்கிறார். வாங்கி விற்கும் 50,850 டொலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 10,170. இரண்டையும் கூட்டினால், வீட்டின் விலை ஆண்டுதோறும் ஏறக்குறைய 2.7 சதவீதம் ஏறினால்தான் வாங்கியவரும் வாடகைக்கு இருந்தவரும் ஒரே நிலையில் இருப்பார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் அது 2 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். காலம் செல்லச் செல்ல வட்டிப் பகுதி குறைவதும் வாடகை ஏறுவதும் வாங்கியவருக்கே சாதகம்.

இங்கே உள்ள வட்டி, வாடகை, கட்டணம் எல்லாம் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் பார்க்கும் கட்டடத்தில் இன்று வாடகைக்கு விளம்பரமாகியுள்ள வீடுகளின் தொகையையும், உங்கள் வங்கி எழுத்தில் தரும் வட்டி வீதத்தையும் போட்டு நீங்களே செய்து பாருங்கள். ஒரு தாளில் அரை மணி நேரத்தில் முடியும் வேலை இது. விடையாக வரும் சதவீதத்தைப் பார்த்து, "இந்த அளவு ஏற்றம் வராவிட்டாலும் இந்த வீட்டில் நான் நிறைவோடு இருப்பேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் வீட்டு விலை ஏறியே தீரும் என்ற நம்பிக்கை ஒரு தலைமுறைக்குக் கைகொடுத்தது உண்மை. ஆனால் கனடா வங்கியின் அடிப்படை வட்டி 2022 மார்ச் தொடக்கத்தில் இருந்த 0.25 சதவீதத்திலிருந்து 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்கு ஏறியபோது கொண்டோ விலைகள் இறங்கின. உச்ச விலையில் வாங்கியவர்கள் பலர் வாங்கிய விலைக்கே விற்க முடியாத நிலைக்கு வந்தார்கள்.

20 சதவீதம் இல்லாதவர்களும் வாங்கலாம். முதல் 5,00,000 டொலருக்கு 5 சதவீதமும், அதற்கு மேல் 15,00,000 வரையான பகுதிக்கு 10 சதவீதமும் குறைந்தபட்ச முற்பணம். நம் எடுத்துக்காட்டில் 35,000 டொலர். ஆனால் அப்போது அடமானக் கடன் காப்புறுதி கட்டாயமாகும். 10 சதவீதத்துக்கும் குறைவான முற்பணத்துக்கு அது கடன் தொகையில் 4 சதவீதம், அதாவது 22,600 டொலர். இது கடனோடு சேர்ந்துவிடும். அதன் மீதான 8 சதவீத மாகாண வரி 1,808 டொலரை மட்டும் உரிமை மாறும் நாளில் கையில் வைத்திருக்க வேண்டும். பலர் இதை எதிர்பாராமல் கடைசி வாரத்தில் கைமாற்றுக்கு அலைகிறார்கள்.

வங்கி உங்களுக்கு எவ்வளவு கடன் தர ஒப்புகிறது என்பது வேறு, நீங்கள் எவ்வளவு தாங்குவீர்கள் என்பது வேறு. ஒப்பந்த வட்டியோடு 2 சதவீதம் கூட்டியோ, 5.25 சதவீதத்தையோ, எது பெரிதோ அதை வைத்துத்தான் வங்கி உங்கள் வருமானத்தைச் சோதிக்கிறது. இது உங்களைக் காக்கும் விதி. ஆனால் அந்தச் சோதனையில் பராமரிப்புக் கட்டணத்தின் பாதியை மட்டுமே கணக்கில் எடுப்பது வழக்கம். மாதம் 900 டொலர் கட்டணமுள்ள பழைய, பெரிய வீட்டை வாங்குபவருக்கு மீதி 450 டொலர் வங்கியின் தாளில் தெரியாது. சேமிப்பைப் பொறுத்தவரை, முதல் வீட்டுக்கான எப்.எச்.எஸ்.ஏ. கணக்கில் ஆண்டுக்கு 8,000 டொலர், மொத்தம் 40,000 டொலர் வரை வரிச் சலுகையோடு சேர்க்கலாம், ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கான ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து 60,000 டொலர் வரை முதல் வீட்டுக்காக எடுக்கலாம். இன்னும் இரண்டு ஆண்டு வாடகைக்கு இருந்து சேமிப்பதென்று முடிவெடுப்பவர்கள் எப்.எச்.எஸ்.ஏ. கணக்கை இன்றே திறந்துவிட வேண்டும். திறந்த ஆண்டிலிருந்துதான் அந்த உரிமை சேரத் தொடங்கும்.

நிலைச் சான்றிதழ்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்பவர் இதை வைத்துக்கொள்ளட்டும். ஸ்டேட்டஸ் சர்டிபிகேட் என்று இங்கே அழைக்கப்படும் நிலைச் சான்றிதழை யார் வேண்டுமானாலும் கொண்டோ கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் கேட்டு, வரி உட்பட 100 டொலருக்கு மேற்படாத கட்டணத்தைச் செலுத்திப் பெறலாம். 10 நாள்களுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும். சான்றிதழ் என்ற பெயர் இருந்தாலும் அது ஒரு தாள் அன்று. கட்டடத்தைக் கொண்டோவாக நிறுவும் ஆவணமான பிரகடனம், துணைவிதிகள், குடியிருப்பு விதிகள், நடப்பு ஆண்டின் வரவுசெலவுத் திட்டம், கணக்காய்வு செய்யப்பட்ட நிதி அறிக்கை, காப்புறுதி விவரம், வழக்குகள் ஆகிய அனைத்தும் அடங்கிய கட்டு. உங்கள் சட்டத்தரணி இதைப் படிப்பார். நீங்களும் படியுங்கள். சட்டத்தரணி சட்டச் சிக்கல் உண்டா என்று பார்க்கிறார்; இந்தக் கட்டடத்தில் பத்து ஆண்டு வாழலாமா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள்.

முதலில் ஒதுக்கு நிதி. கூரை, மின்தூக்கி, வெப்பமூட்டி, நிலத்தடித் தரிப்பிடத்தின் நீர்த்தடுப்பு போன்ற பெரிய பழுதுபார்ப்புகளுக்காக ஒவ்வொரு மாதக் கட்டணத்திலிருந்தும் ஒதுக்கப்படும் பணம் இது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதற்கான ஆய்வு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். எந்த ஆண்டில் எந்த வேலை வரும், அதற்கு எவ்வளவு தேவை என்று அந்த ஆய்வு சொல்லும். நிதியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்து "ஆறு இலட்சம் இருக்கிறது, நல்ல கட்டடம்" என்று முடிவுகட்டக் கூடாது. 200 வீடுகள் உள்ள கட்டடம் ஒன்றில் 6,00,000 டொலர் இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் 15,00,000 டொலர் செலவில் தரிப்பிடத்தின் நீர்த்தடுப்பை மாற்ற வேண்டும். ஆண்டுக்கு 1,50,000 டொலர்தான் நிதியில் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டின் முடிவில் 4,50,000 டொலர் குறையும். அந்தக் குறை சராசரியாக வீட்டுக்கு 2,250 டொலர் சிறப்பு அறவீடாக வரும், அல்லது கட்டணம் ஏறும், அல்லது கூட்டுத்தாபனம் கடன் வாங்கி வட்டியோடு உரிமையாளர்களிடம் அறவிடும். வேறு வழி கிடையாது. உங்கள் வீட்டின் பங்கு எத்தனை சதவீதம் என்பது பிரகடனத்தில் இருக்கும். அதைக் கொண்டு உங்கள் தொகையைக் கணக்கிடலாம்.

சான்றிதழின் ஒரு பத்தி, இந்த வீட்டின் பொதுச் செலவுப் பங்கு ஏறக்கூடிய சூழ்நிலை எதுவும் கூட்டுத்தாபனத்துக்குத் தெரியாது என்று கூறி, விதிவிலக்குகளையும் குறிப்பிடும். அந்த விதிவிலக்குகளை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். "பொறியியலாளரின் அறிக்கைக்காகக் காத்திருக்கிறோம்", "மேற்சுவர் ஆய்வு நடைபெறுகிறது" போன்ற வரிகள் அங்கேதான் இருக்கும். அப்படி ஒன்று இருந்தால் கடந்த இரண்டு ஆண்டுகளின் இயக்குநர் சபைக் கூட்டக் குறிப்புகளையும் விற்பவர் வழியாகக் கேட்டுப் பெறுங்கள். அந்தக் குறிப்புகள் எந்த முகவரும் சொல்லாத செய்திகளைச் சொல்லும்: எந்த மாடியில் எத்தனை முறை குழாய் உடைந்தது, மின்தூக்கி எத்தனை நாள் நின்றது, நிர்வாக நிறுவனம் ஏன் மாற்றப்பட்டது என்பனவெல்லாம் அவற்றில் இருக்கும்.

காப்புறுதிப் பக்கத்தில் நீர்ச் சேதத்துக்கான கழிவுத் தொகையை, அதாவது காப்புறுதி ஈடுசெய்யாமல் விடும் முதல் தொகையைப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சலவை இயந்திரக் குழாய் உங்கள் கவனக்குறைவால் உடைந்து கீழ் மாடிகள் நனைந்தால், கூட்டுத்தாபனத்தின் காப்புறுதி தொடங்கும் முன் உள்ள அந்தக் கழிவுத் தொகை வரை உங்களிடம் கேட்கப்படலாம். பழுதும் முறைப்பாடும் மிகுந்த கட்டடங்களில் அது பெருந்தொகையாக உயர்ந்திருக்கும். உங்கள் சொந்தக் காப்புறுதியில் அந்தத் தொகையை ஈடுகட்டும் பிரிவு இருக்க வேண்டும். அதற்கு ஆகும் கட்டணத்தை வாங்குவதற்கு முன்பே ஒரு காப்புறுதி முகவரிடம் கேட்டுவிடலாம்.

வாடகைக்கு விடப்பட்டதாகக் கூட்டுத்தாபனத்துக்கு அறிவிக்கப்பட்ட வீடுகள் எத்தனை என்பதும் சான்றிதழில் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் உரிமையாளர்களில் பெரும்பாலோர் வேறெங்கோ வசிக்கும் கட்டடத்தில் பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேராது, இயக்குநர் சபைக்கு யாரும் முன்வர மாட்டார்கள், கட்டணத்தைக் குறைவாக வைத்திருப்பதே எல்லோருடைய விருப்பமாகிவிடும். மிகக் குறைந்த கட்டணம் கொண்ட கட்டடத்தைக் கண்டு மகிழ்வதற்கு முன், அது சிக்கனத்தால் குறைந்ததா, செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போட்டதால் குறைந்ததா என்று ஒதுக்கு நிதி ஆய்வை வைத்து உறுதிசெய்ய வேண்டும். நீச்சல் குளமும் 24 மணிநேரக் காவலும் உள்ள சிறிய கட்டடத்தில் கட்டணம் குறைவாக இருந்தால் எனக்கு ஐயம்தான் வரும்.

கட்டணத்தைப் பற்றிய முறைப்பாடு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அதைக் கட்டாமல் நிறுத்திவைக்கும் உரிமை உரிமையாளருக்கு இல்லை. நிலுவை வைத்தால் கூட்டுத்தாபனம் வீட்டின் மீது பற்றுரிமை, அதாவது நிலுவையை அந்த வீட்டிலிருந்தே அறவிடும் உரிமை, பதியலாம். அது வங்கியின் அடமானத்துக்கும் முந்தியதாக நிற்கும். சபையோடு பிணக்கு வந்தால் கட்டிக்கொண்டே வாதாட வேண்டும். ஆவணம், சத்தம், செல்லப் பிராணி, தரிப்பிடம் போன்ற பிணக்குகளுக்கு ஒன்ராறியோவில் தனி நடுவர் மன்றமே உண்டு.

நேரில் பார்க்கும்போது

ஞாயிறு பிற்பகலில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். வேலை நாளின் காலை எட்டு மணிக்குப் போய் மின்தூக்கிக்காக எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். முப்பது மாடிக் கட்டடத்தில் வயதான பெற்றோரோடு வாழ நினைப்பவருக்கு இது சமையலறையின் அழகைவிட முக்கியம். நிலத்தடித் தரிப்பிடத்தின் கடைசித் தளம் வரை இறங்குங்கள். கூரையில் நீர்க் கசிவின் வெள்ளைத் தடம், சுவரில் ஊசியேற்றி அடைத்த விரிசல்கள், வாளி வைத்திருக்கும் இடங்கள் ஆகியவற்றைப் பார்த்த பின் ஒதுக்கு நிதி ஆய்வைப் படித்தால் அதிலுள்ள எண்கள் தெளிவாகப் புரியும். குப்பை அறையும் அறிவிப்புப் பலகையும் நிர்வாகத்தின் தரத்தைச் சொல்லிவிடும்.

வீட்டுக்குள் முதலில் கேட்க வேண்டியது குழாய் பற்றியது. ஏறக்குறைய 1995 முதல் 2007 வரையான காலத்தில் கட்டப்பட்ட பல கட்டடங்களில் கிட்டெக் என்ற வகை நீர்க் குழாய் பொருத்தப்பட்டது. அது காலப்போக்கில் உடையக்கூடியது. அதற்கான இழப்பீட்டுத் திட்டம் 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. மாற்றவில்லை என்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்க வேண்டும்.

நம் சமையலுக்கு ஏற்ற காற்றோட்டம் உள்ளதா என்றும் பாருங்கள். அடுப்பின் மேலுள்ள புகைபோக்கி காற்றை வெளியே அனுப்புகிறதா, வடிகட்டி மறுபடி வீட்டுக்குள்ளேயே விடுகிறதா என்பதை இயக்கிப் பார்த்தே அறியலாம். இரண்டாவது வகையென்றால் தாளித்த மணம் மெத்தை வரை போகும். மாற்றுவதற்கும் பெரும்பாலும் வழியிருக்காது. குடியிருப்பு விதிகளில் தரைவிரிப்பை எடுத்து மரத்தரை போடுவதற்கான நிபந்தனை, நாய் பூனை பற்றிய வரம்பு, பல்கனியில் எரிவாயு அடுப்பு, விருந்து மண்டபத்தின் வாடகை எல்லாம் இருக்கும். தரிப்பிடமும் களஞ்சிய அறையும் உங்கள் பெயருக்கு உரிமையாக மாறுகின்றனவா, பயன்பாட்டு உரிமை மட்டும்தானா என்பதைச் சட்டத்தரணி உறுதிசெய்ய வேண்டும்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, வரப்போகும் ரயிலை நம்பி வாங்காதீர்கள். ஸ்காபரோவின் மூன்றாம் தடம் 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு நிரந்தரமாக மூடப்பட்டது. ஸ்காபரோ சென்டர் நிலையத்தை நம்பி அருகிலேயே கொண்டோ வாங்கியவர்கள் அதன் பின் பேருந்தில்தான் கென்னடி நிலையத்துக்குப் போக வேண்டியதாயிற்று. இன்று இருக்கும் சேவையில் வேலைக்குப் போய்வர முடியுமென்றால் மட்டும் அந்த இடம் சரி. பிள்ளைகள் உள்ளவர்கள், அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று கல்விச் சபையிடமே கேட்டு அறிய வேண்டும். கொண்டோக்கள் நெருங்கி எழுந்த பகுதிகளில் அருகிலுள்ள பள்ளியில் இடமில்லாமல் பிள்ளைகள் தொலைவிலுள்ள பள்ளிக்குப் பேருந்தில் அனுப்பப்படலாம் என்று ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை கட்டுமானத் தளங்களில் அறிவிப்புப் பலகையே வைத்ததுண்டு.

இன்னும் கட்டப்படாத வீடு

மாதிரிக் கூடத்தின் ஒளியில் வரைபடத்தைப் பார்த்து வாங்குவது வேறொரு வகைக் கொள்முதல். அதன் ஆபத்துகளும் வேறானவை. இங்கே உங்களுக்குள்ள பெரிய பாதுகாப்பு, கையெழுத்திட்ட ஒப்பந்தமும் வெளிப்படுத்தல் ஆவணமும் கிடைத்ததிலிருந்து 10 நாள்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகும் உரிமை. அந்தப் பத்து நாளில் ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியிடம் கொடுத்து மூன்றைக் கேளுங்கள். நகரசபையின் அபிவிருத்திக் கட்டணம் போன்று உரிமை மாறும் நாளில் கூட்டப்படும் தொகைகளுக்கு உச்சவரம்பு போடப்பட்டுள்ளதா? உரிமை மாறும் முன் ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியுமா, அதற்கு எவ்வளவு கட்டணம்? கட்டடத்தின் வெப்பமூட்டும் கருவிகள் கூட்டுத்தாபனத்துக்குச் சொந்தமாகுமா, இல்லை நீண்டகாலக் குத்தகையாகவோ கடனாகவோ உரிமையாளர்கள் தலையில் வருமா?

கட்டடம் கொண்டோவாகச் சட்டப்படி பதிவாகி உரிமை மாறும் முன்பே வீட்டில் குடியேறச் சொல்வார்கள். அந்த இடைக்காலத்தில் நீங்கள் கட்டும் மாதப் பணம், மீதித் தொகையின் வட்டி, மதிப்பிட்ட சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. அதில் ஒரு சதமும் விலையில் கழியாது. விளம்பரத்தில் சொல்லும் சதுர அடி சுவர்களின் நடுவிலிருந்தும் வெளிச்சுவரின் புறத்திலிருந்தும் அளக்கப்படுவதால், உள்ளே கால் வைக்கும் இடம் அதைவிடக் குறைவு. முதல் ஆண்டுக்கான பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டுநரே மதிப்பிடுகிறார். அந்த ஆண்டில் செலவு மிஞ்சினால் அவரே ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், இரண்டாம் ஆண்டு முதல் உண்மையான செலவு உரிமையாளர்களுடையது. ஆகவே சொல்லப்படும் கட்டணம் நிலைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடக் கூடாது. வாடகைக்கு விட வாங்குபவருக்கு, விலையில் ஏற்கெனவே கழிக்கப்பட்ட எச்.எஸ்.ரி. மீள்தொகை உரிமை மாறும் நாளில் திரும்பக் கேட்கப்படும். மாகாணப் பங்கு மட்டும் 24,000 டொலர் வரை இருக்கலாம். பின்னர் விண்ணப்பித்துப் பெறலாம் என்றாலும் அன்று கையில் பணம் இருந்தாக வேண்டும். இந்தச் சலுகைகளின் விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் வாங்கும் காலத்து நிலையைச் சட்டத்தரணியிடம் கேட்பது அவசியம்.

இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறொன்று. இன்று கையெழுத்திட்டு நான்கைந்து ஆண்டுகள் கழித்துக் கடன் எடுக்கும்போது வங்கி அன்றைய பெறுமதிக்குத்தான் கடன் தரும். 8,00,000 டொலருக்கு ஒப்பந்தமான வீட்டை வங்கி 6,80,000 என்று மதிப்பிட்டால் இடையிலுள்ள 1,20,000 டொலரை வாங்குபவர் தாமே கொண்டுவர வேண்டும். வட்டி ஏறிய பின் உரிமை மாறிய கட்டடங்களில் பல குடும்பங்கள் இதில் சிக்கின. தாரியன் என்ற காப்பு அமைப்பும் சட்டமும் வைப்புப் பணத்தைக் கட்டுநரின் முறிவிலிருந்துதான் காக்கின்றன. சந்தையின் இறக்கத்திலிருந்து காக்க எவருமில்லை. குடியிருக்க வாங்குபவருக்கு, ஐந்தாறு ஆண்டுகள் கணக்குவழக்குள்ள, பொதுக்கூட்டக் குறிப்புகளைப் படித்துப் பார்க்கக்கூடிய, ஏற்கெனவே நிற்கும் கட்டடமே மேல் என்பது என் உறுதியான கருத்து.

வாடகைக்கு விடுவோர் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு மாகாணத்தின் வருடாந்த வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது, பழையவற்றுக்குப் பொருந்தும். ரொறன்ரோவில் குறுங்கால வாடகைக்குத் தாம் வசிக்கும் வீட்டை மட்டுமே விடலாம், முழு வீடாக ஆண்டுக்கு 180 இரவுகளுக்கு மேல் கூடாது. வீட்டை வெறுமையாகப் போட்டுவைத்தால் பெறுமதியில் 3 சதவீத வரி உண்டு.

விலை கோரும்போது

கட்டப்பட்டு மறுவிற்பனைக்கு வரும் வீட்டுக்கு 10 நாள் விலகல் உரிமை கிடையாது. விற்பவர் ஏற்றுக் கையெழுத்திட்டால் அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். உங்களைக் காப்பவை நீங்கள் எழுதிச் சேர்க்கும் நிபந்தனைகளே: கடன் உறுதியாவதற்கு ஐந்து வேலை நாள், நிலைச் சான்றிதழைச் சட்டத்தரணி படித்து ஒப்புவதற்கு அது கையில் கிடைத்ததிலிருந்து இரண்டு மூன்று வேலை நாள். போட்டி இருக்கிறது, நிபந்தனை போட்டால் வீடு கைவிட்டுப் போகும் என்று முகவர் சொன்னால், சான்றிதழை முன்கூட்டியே பெற்றுத் தரும்படி கேட்டு, படித்த பின் நிபந்தனையின்றிக் கோரலாம். படிக்காமலே நிபந்தனையை விட்டுக்கொடுக்க எந்தச் சூழ்நிலையிலும் ஒப்ப வேண்டாம். வீட்டில் வாடகையாளர் இருந்தால், உரிமை மாறும் நாளில் வீடு வெறுமையாக இருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் சேர்க்க வேண்டும். வாடகையாளர் வெளியேற மறுத்தால் வாடகைப் பிணக்குகளுக்கான நடுவர் சபையின் உத்தரவு வர மாதங்கள் ஆகலாம்.

கோரிக்கை ஏற்கப்பட்டவுடன், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், விலையில் ஏறக்குறைய 5 சதவீதத்தை வைப்புப் பணமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நிபந்தனைகள் நீங்கிய பின் கடன் கிடைக்கவில்லை என்று பின்வாங்கினால் அந்தப் பணம் போவதோடு, விற்பவர் பின்னர் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால் அந்த வேறுபாட்டையும் உங்களிடம் வழக்கிட்டுப் பெற முடியும். ஆகையால் நிபந்தனையை நீக்கும் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், வங்கியின் இறுதி ஒப்புதல் எழுத்தில் வந்துவிட்டதா, அது உங்கள் வருமானத்தை மட்டுமன்றி இந்தக் குறிப்பிட்ட கட்டடத்தையும் அதன் மதிப்பீட்டையும் பார்த்த பின் தரப்பட்டதா என்று கடன் முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மிகச் சிறிய வீடுகளுக்கும், வழக்கிலுள்ள கட்டடங்களுக்கும் சில வங்கிகள் கடன் மறுப்பதுண்டு. முன் அனுமதிக் கடிதத்தில் அது தெரியாது.